ஏளனத்துக்கு மௌனம் போதாது

நடுவர் அவர்களே, சபையோரே, ஸ்தோத்திரம். விசுவாசத்தைக் கேலி செய்கிறவர்களுக்குக் கிறிஸ்தவர் தரவேண்டியது மௌனமா, மறுமொழியா? மறுமொழியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், "ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார் இயேசு. அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, அப்படிச் சொன்னவரையே ஒருவன் அறைந்தானே, அப்போது என்ன நடந்தது? யோவான் 18-ஆம் அதிகாரம். முன்னாள் பிரதான ஆசாரியனான அன்னாவின் முன் இயேசு கட்டுண்டு நிற்கிறார். பக்கத்தில் நின்ற சேவகன், "பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்வது?" என்று ஓர் அறை விடுகிறான். அவர் சபிக்கவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி; நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்றார். அடித்தவன் முகத்தைப் பார்த்துக் கேட்ட நியாயம் அது!

கலிலேயாவை ஆண்ட ஏரோதின் முன் இயேசு பேசவில்லையே என்பீர்கள். உண்மைதான். அவன் அற்புதம் பார்க்க ஆசைப்பட்டவன் என்கிறார் லூக்கா. வேடிக்கைக்காக இழுப்பவனிடம் பேச வேண்டியதில்லை. ஆனால், சிரிக்கிற எல்லாரும் ஏரோதுதானா? அத்தேனே பட்டணத்தில் உயிர்த்தெழுதலைக் கேட்டுச் சிலர் அப்போஸ்தலன் பவுலைப் பரியாசம் பண்ணினார்கள். அதே கூட்டத்தில்தான் தியொனீசியுவும் தாமரியும் நின்றிருந்தார்கள். அவர்கள் விசுவாசித்தார்கள்.

ரோமில் பாலட்டைன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. கழுதைத் தலையோடு சிலுவையில் ஓர் உருவம், கீழே கையை உயர்த்தியபடி ஒருவன். "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுத்து. அன்றைய மீம்! பக்கத்து அறையில், வேறு கையெழுத்தில், "அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்" என்றிருக்கிறது. இந்தக் கழுதைத் தலைக் கேலிக்குக் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197 வாக்கில் பதில் எழுதினார். யூதர்கள்மேல் சொல்லப்பட்ட கேலிதான் கிறிஸ்தவர்கள்மேலும் விழுந்தது என்றார். யூதர்கள் தங்கள் ஆலயத்தில் கழுதை உருவத்தை வைத்தார்கள் என்று எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே, ரோமப் படைத்தலைவன் எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்தபோது அங்கே எந்த உருவமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறாரே என்று எடுத்துக்காட்டினார். டாசிட்டஸைப் பொய்யர் என்று அவர் கடிந்ததை நான் பின்பற்றச் சொல்லவில்லை. ஆதாரத்தை எடுத்து வைத்தாரே, அதைச் சொல்கிறேன்.

ஹாஸ்டலில் ஒரு பிள்ளை சாப்பிடுமுன் கண்மூடி ஜெபிக்கிறாள். "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறின குடும்பம்தானே?" என்று ஒருத்தி சொல்ல, மேசையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள் உண்மையை அறிய விரும்பும் இரண்டு பேராவது இருக்க மாட்டார்களா? அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்ள வேண்டுமா? "எங்க தாத்தா ஏன் சபைக்கு வந்தாருன்னு சொல்லட்டுமா?" என்று நிதானமாகக் கேட்டால் அது பாவமா? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர், அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லிவிட்டுத் தம் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி.