காற்றடிக்கும் ஊசியும் பத்து லிதாஸும்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், எட்டரை மணிக்குச் சாப்பாடு என்று நோட்டீசில் போட்டதை நம்பி இன்னும் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு, 'ஓர் ஊரில் விளையாட்டை வளர்ப்பது பணமா, தொண்டா?' நான் தொண்டு. சீட்டுக் குலுக்கியபோது அதுதான் வந்தது.

எதிரணித் தம்பி சற்று முன் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். "தொண்டர் தொண்டர் என்கிறீர்களே, பந்தில் காற்று இறங்கினால் தொண்டரா வாயால் ஊதுவார்? கடைக்காரனிடம் பத்து ரூபாய் நீட்டினால்தான் பந்து எழும்பும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பரவாயில்லை, தட்டியவர்களை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, நீங்கள் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை என்று நன்றாகத் தெரிகிறது. சைக்கிள் கடை பம்ப் நேராகக் கூடைப்பந்துக்குள் போகாது. நடுவில் ஒரு ஊசி வேண்டும். அது தொலைந்துவிட்டால் பத்து ரூபாய் இல்லை, பத்தாயிரம் நீட்டினாலும் கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். அந்த ஊசி யாரிடம் இருக்கும்?

எங்கள் ஊர்த் தபால் ஆபீசில் ஒரு குமாஸ்தா. சாயங்காலம் கவுண்டரை மூடியதும் நேராகப் பள்ளிக்கூட மைதானம். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார். காசு கிடையாது. தேய்ந்த செருப்பைக்கூட அவரேதான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசி எப்போதும் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில். ஒரு நாள் மணியார்டர் வாங்க வந்த பாட்டி, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். இவர் கணக்கிலிருந்து தலையை எடுக்காமல் பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். பாட்டி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, போன மாசம் கையெழுத்துதானே கேட்டீங்க, இந்த மாசம் ஊசி போட்டாத்தான் காசா?"

இருங்கள், இன்னும் முடியவில்லை. அவருடைய மகள் கல்யாணம். ரிஜிஸ்டரில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். புதுச் சட்டை. இன்றைக்காவது பையில் பேனா மட்டும் இருக்கும் என்று வீட்டில் நம்பியிருக்கிறார்கள். கை உள்ளே போனது. வெளியே வந்தது என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். ஊசி! சம்பந்தி மிரண்டு போய் மாப்பிள்ளையைப் பார்க்கிறார். உடனே குமாஸ்தாவின் வீட்டம்மா சொன்னார்: "பயப்படாதீங்க சம்பந்தி, இவர் காத்து மட்டும்தான் அடிப்பார்."

பாட்டி சொன்னது பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்லட்டுமா? "இந்த மாசம் ஊசி போட்டாத்தான் காசா?" சரி சரி, நடுவர் கை மணிப் பக்கம் போகிறது. வாதத்துக்கு வந்துவிட்டேன் ஐயா.

எதிரணித் தலைவர் லிதுவேனியாவைக் காட்டினார். ஐரோப்பாவில் முப்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு, 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக்கில் வரிசையாகக் கூடைப்பந்தில் வெண்கலம். காரணம், 1939இல் கவுனாஸ் நகரில் பணத்தைக் கொட்டி அரங்கம் கட்டினார்களாம். ஐயா, அரங்கம் 1939. ஆட்டம் எப்போது வந்தது?

ஸ்தெபோனாஸ் தாரியுஸ் என்று ஒருவர். 1907இல் சிறுவனாக அமெரிக்கா போனவர், 1920இல் ஊருக்குத் திரும்பி ராணுவ விமானி ஆனார். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் விளையாட்டு. 1922 ஏப்ரலில் அங்கே ஆண்களின் முதல் கூடைப்பந்துப் போட்டி நடந்தது, ஸ்கோர் 8க்கு 6. சிரிக்காதீர்கள். பெண்கள் ஆட்டத்தை அதற்கு முன்பே எலெனா குபிலியூதே தொடங்கிவிட்டார் (அங்கேயும் பெண்கள்தான் முந்தி). கவுனாசில் மைதானம் அமைய முன்னால் நின்றவரும் தாரியுஸ்தான், 1926இல் விதிமுறைப் புத்தகம் போட்டவரும் அவர்தான். "ராணுவச் சம்பளம் வாங்கினாரே" என்று அங்கிருந்து ஒரு குரல். அது விமானம் ஓட்ட. விசில் ஊத யாரும் சம்பளம் தரவில்லை. அப்புறம் நாடே சோவியத்துக்குள் போனது. சொந்த அரசு கிடையாது, சொந்த நோட்டு கிடையாது. ஆனால் 1988 சியோலில் தங்கம் வாங்கிய சோவியத் அணியைப் பாருங்கள், சபோனிஸ், மார்சியுலியோனிஸ் என்று லிதுவேனியப் பிள்ளைகள்.

பத்து ரூபாய் தம்பி எங்கே? சுதந்திரம் வாங்கிய லிதுவேனியா 1993இல் மறுபடி தன் பணமான லிதாஸை வெளியிட்டது. 2015இல் யூரோ வரும்வரை ஓடிய அந்தப் பத்து லிதாஸ் நோட்டில் யார் படம் இருந்தது தெரியுமா? தாரியுஸ், கூடவே அவருடன் பறந்த கிரேனாஸ். "அது விமானத்துக்காகப் போட்டது" என்று தலைவர் முணுமுணுக்கிறார், கேட்கிறது. இருக்கட்டுமே. பணம்தான் வளர்த்தது என்று நோட்டை எடுத்து நீட்டினீர்கள், நோட்டுக்குள் எங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறார்!

அந்த விமானக் கதையையும் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இருந்த லிதுவேனியர்களிடம் நன்கொடை திரட்டிச் செப்பனிட்ட பழைய விமானம், பெயர் லிதுவானிக்கா. 1933 ஜூலை 15 அன்று இரண்டு பேரும் நியூயார்க்கில் கிளம்பினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார்கள். கவுனாசில் கூட்டம் வானத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது. பதினேழாம் தேதி, வீட்டுக்கு இன்னும் 650 கிலோமீட்டர் இருக்கும்போது காட்டில் விழுந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். தாரியுசுக்கு அப்போது வயது 37.

நான்கே வருஷம். 1937இல் ரிகா நகரில் லிதுவேனியா ஐரோப்பிய சாம்பியன். 1939இல் சொந்த ஊர் கவுனாசில் மறுபடியும் சாம்பியன். தலைவர் பெருமையாகச் சொன்ன அந்த அரங்கத்தில்தான். எட்டுக்கு ஆறு என்று ஆரம்பித்து வைத்த மனிதருக்கு அதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. என் பேச்சில் எத்தனை தர்க்கம் இருந்தது என்று எதிரணி எண்ணிக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. அவர்களுக்குப் பணம் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார், அரங்கமும் இருக்கிறது. எங்களுக்கு நடுவர் ஐயா ஒருவர்தான். கோப்பையைக் கண்ணால் பார்க்காமல் போன அந்த மனிதருக்காகத் தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.