துளசிக்கு ஓர் உத்தரணி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் என்னைத் தேடி ஒரு கேள்வி வரும். "டீச்சர், பனியில செடியெல்லாம் பழுக்குதே, என்ன பண்றது?" நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். மயிலாடுதுறைப் பக்கம் வீடு. திண்ணை, முற்றம், மாடி என்று 60 தொட்டிகள் இருக்கின்றன. அதனால் கேட்கிறார்கள். நானும் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன். "தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள்?" உடனே பதில் வரும். "அதுல குறையே வைக்கிறதில்ல டீச்சர், காலையிலயும் சாயங்காலமும் ஊத்துறேன்."

இதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நம் டெல்டாவில் மார்கழியில் தொட்டிச் செடி பனியால் சாவதில்லை, தண்ணீரால் சாகிறது.

யோசித்துப் பாருங்கள். இங்கே ராத்திரிக் குளிர் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் 15 டிகிரி வரைக்கும்கூடத் தாங்கும். ஊட்டியில் உறைபனி விழுந்து செடி கருகுவது வேறு. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. பகல் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது, அதிலும் பல நாள் மேகமூட்டம். காற்றில் ஈரம் இருப்பதால் இலை வழியாகத் தண்ணீர் வெளியேறுவதும் குறைவு. சித்திரையில் ஒரே நாளில் குடித்த தண்ணீரைக் குடிக்க இப்போது செடிக்குக் கூடுதல் நாள் ஆகிறது. நம் கைதான் இன்னும் சித்திரைக் கணக்கிலேயே ஊற்றுகிறது.

அப்புறம், நாம் காவிரிக்கரைக்காரர்கள். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் தண்ணீர் ஜனவரி 28 வரை வரும். சம்பா வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, பயிர் என்றால் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நெல்லுக்கு ஒரு வரம் உண்டு. அதன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் நுண்ணிய காற்று வழிகள் இருக்கின்றன. மேலே இருக்கிற காற்று அவற்றின் வழியே வேர் வரை இறங்குகிறது. சேற்றில் நின்றாலும் நெல்லுக்கு மூச்சு முட்டாது. துளசிக்கு அந்த வரம் இல்லை. ரோஜாவுக்கும் இல்லை. மண்ணில் காற்று இருக்க வேண்டிய சந்துகளில் தண்ணீர் நிரம்பினால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, இலை வாடும். ஐயோ வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம்.

இதை நான் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே என் அப்பா காட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டு முற்றத்துத் துளசி மாடத்தில் ஒரு மண்தொட்டி. மார்கழி வந்தால் விடியற்காலையில் கோலம் போட்டு, பூசணிப்பூ வைத்து, நேரே துளசிக்கு வருவோம். பாட்டி ஒரு சொம்பு, அம்மா ஒரு சொம்பு, இரண்டு அத்தைகளும் ஆளுக்கு ஒரு சொம்பு, கடைசியில் நான். ஒரு தொட்டிக்கு ஐந்து சொம்பு. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. பனி தாங்கவில்லை என்றாள் பாட்டி. ராத்திரியில் துணி போட்டு மூடினோம். அப்படியும் கொட்டியது.

அப்பா விவசாயி. ஒரு நாள் வயலிலிருந்து வந்தவர் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தையில் பானை வாங்குகிறவரைப் போல விரல் முட்டியால் அதைத் தட்டினார். "பாப்பா, காத வச்சுக் கேளு" என்றார். 'தொப் தொப்' என்று சத்தம் வந்தது. பக்கத்தில் காய்ந்து கிடந்த இன்னொரு தொட்டியைத் தட்டினார். 'டங்' என்று கேட்டது. பிறகு துளசியை மண்ணோடு கவிழ்த்தார். சாக்கடைச் சேற்று வாடை. வேரெல்லாம் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. அடி ஓட்டையில் களிமண் அடைத்துக் கிடந்தது.

அந்தச் செடி பிழைக்கவில்லை. காய்ந்த கதிரிலிருந்து விதை உதிர்த்துப் புதுத் தொட்டியில் போட்டோம். ஆனால் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "மார்கழி மாசம் துளசிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கறதா?" அம்மா ஒன்றும் பேசாமல் பூஜை அறைக்குப் போய்ப் பஞ்சபாத்திரத்தையும், தீர்த்தம் எடுக்கிற சின்னக் கரண்டியான உத்தரணியையும் எடுத்து வந்தார். அன்று முதல் ஆளுக்கு ஓர் உத்தரணி. மண் காய்ந்த அன்றைக்கு மட்டும் ஒரு சொம்பு. பூஜையும் நடந்தது, செடியும் வளர்ந்தது. அந்த விதை வழி வந்த துளசி இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

ஆகவே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். மேல்மண் வெளுத்திருந்தாலும் நம்பாதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். மண்தொட்டியானால் அப்பாவைப் போலத் தட்டியும் பார்க்கலாம். பிளாஸ்டிக் தொட்டியைத் தட்டிப் பயனில்லை, அதில் பக்கவாட்டில் ஈரமும் காயாது. அடியில் வைத்த தட்டை மழைக்காலம் முடியும் வரை எடுத்துவிடுங்கள். ஊற்றுவதானால் வெயில் வந்தபிறகு, மண்ணில் மட்டும். கற்றாழைக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும்.

வயல் மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். நம் களிமண் தொட்டிக்குள் செங்கல்லாக இறுகிவிடும். செம்மண், தொழு உரம், மில்லில் கிடைக்கும் உமியைக் கருக்கி அதில் கொஞ்சம். இது போதும்.

வெளிச்சம் பற்றி ஒன்று. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. கோடையில் நிழலாகக் கிடந்த தெற்குத் திண்ணையில் இப்போது வெயில் விழும். வீட்டுக்குள் இருக்கும் செடிகளை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

கவாத்து பற்றியும் பூச்சி பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, இரண்டே வரி. மல்லிகையை நவம்பர் கடைசியில் ஒரு முழ உயரம் விட்டு வெட்டுங்கள், மாசி, பங்குனியில் மொட்டுக் கட்டும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து, காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வணக்கம்.