வயலின்ல இருந்து வயோலாவுக்கு மாறுறீங்களா? முதல்ல வலது கையைப் பாருங்க

வணக்கம். வயலின் நல்லா வாசிச்சுட்டு, வயலினைவிடக் கொஞ்சம் பெருசா, கீழ்ச் சுருதியில பேசுற வயோலாவுல ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்கும் அப்புறம் வாத்தியார் வேலைக்கும் போகலாம்னு நினைக்கிறவங்களுக்காக இந்த வீடியோ.

பேர்போன வயோலாக்காரர் வில்லியம் பிரிம்ரோஸ் போன பாதையைப் பாருங்க. 1904-ல கிளாஸ்கோவுல பிறந்தவர், வளர்ந்தது வயலின்காரராத்தான். பெல்ஜியத்துல வயலின் மேதை இசாய்கிட்ட படிக்கும்போது, வயோலாவுக்குப் போன்னு அவர்தான் சொன்னார். 1930-ல லண்டன் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்ங்கிற நாலு பேர் குழுவுல வயோலா, 1937-ல கண்டக்டர் டோஸ்கனினியோட என்பிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, அதுக்கப்புறம் தனிக் கச்சேரி. இசையமைப்பாளர் பார்ட்டோக்கை வயோலா கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோட ஒருத்தர் தனியா முன்னால வாசிக்கிற படைப்பு) எழுதச் சொல்லிக் கேட்டதும் இவர்தான். 1945-ல பார்ட்டோக் அதை முடிக்காமலே இறந்துபோக, திபோர் ஷெர்லி முடிச்சுக் கொடுத்தார். 1949-ல மினியாபோலிஸ்ல பிரிம்ரோஸ் அதை அரங்கேற்றினார். பிற்காலத்துல இந்தியானா பல்கலைக்கழகம், யூட்டா மாநிலத்துல இருக்கிற பிரிகாம் யங் பல்கலைக்கழகம்னு பல இடங்கள்ல சொல்லிக்கொடுத்தார். இதுல கவனிக்க வேண்டியது, வயோலாக்காரரா அவர் முதல்ல உட்கார்ந்த இடம் குவார்ட்டெட். நடுக்குரல் வாசிக்கிற காது அங்கதான் வரும். தனியா ரூம்ல எவ்வளவு சாதகம் பண்ணினாலும் வராது.

சரி, கருவிக்கு வருவோம். வயலினோட உடம்பு நீளம் ஏறக்குறைய 35.5 செ.மீ. வயோலா சுருதி அதைவிட ஒரு ஃபிஃப்த் கீழ, அதாவது ச-ப தூரம். அதே கணக்குல செஞ்சா உடம்பு ஒன்றரை மடங்கு, 53 செ.மீ. வரணும். அதைத் தோள்ல வெச்சு வாசிக்க முடியாது. அதனால 38-ல இருந்து 43 செ.மீ.க்குள்ள நிறுத்திட்டாங்க. சுருதிக்கு ஏத்த பெட்டி இல்லை, அதனாலதான் இருக்கிறதுலயே கீழ்ச் சுருதியான சி தந்தி பேச நேரம் எடுக்குது. வயோலாவோட அந்தக் கம்மலான அழகுக்கும் இதுதான் காரணம்.

வயலின்காரங்க இங்கதான் தவறுவாங்க. பழக்கத்துல வில்லை வேகமா இழுப்பாங்க, சி தந்தியில வெறும் காத்துச் சத்தம்தான் வரும். உடனே கட்டைவிரலை இறுக்கி அழுத்துவாங்க, தொண்டையை நெரிச்ச மாதிரி ஆயிடும். ரெண்டும் வேண்டாம். வேகத்தைக் குறைங்க, முழங்கையோட எடையைத் தந்தியில இறக்குங்க. வயோலா வில்லே 70 கிராம் பக்கம் இருக்கும், வயலின் வில்லு 60 தான். தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடின்னு வெச்சு, சும்மா சி தந்தியை மட்டும் ஒரு வில்லுக்கு எட்டு அடி இழுங்க. இழுக்குறதுக்கு முன்னாடி வில்லைத் தந்தி மேல அசையாம வெச்சு, எடையை உணர்ந்துட்டு அப்புறம் விடுங்க. ‘க’ன்னு சொல்ற மாதிரி ஒரு சின்னக் கடியோட ஸ்வரம் ஆரம்பிக்கணும். தினமும் பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும்.

சைஸ்: இடது கையை நீட்டி, சுருள் தலையை விரல்களால சுத்திப் பிடிக்கணும். அப்பவும் முழங்கை லேசா மடங்கியே இருந்தா சரி. கை விறைச்சு நீண்டா அந்தக் கருவி உங்களுக்குப் பெருசு. பெருசுல சத்தம் நல்லா வருதுன்னு வாங்கிட்டு தோள்பட்டையைக் கெடுத்துக்காதீங்க. தந்தியோட நீளத்தையும் அளந்து பாருங்க, விரல் எட்டுறதை அதுதான் தீர்மானிக்குது.

நொட்டேஷன்ல வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம்னு சொல்ற குறி. இதுல அஞ்சு கோட்டுல நடுக்கோடுதான் மிடில் சி. வயலின் மூணாவது பொசிஷன்ல (இடது கையைக் கழுத்துல மேல நகர்த்தி வெச்சு) வாசிக்கிறதா நினைச்சுக்கிட்டா விரல் சரியா விழும்னு ஒரு குறுக்குவழி சொல்லுவாங்க. விழும்தான். ஆனா ஸ்வரத்தோட பேர் மனசுல பதியாது, ஷார்ப், ஃபிளாட் வந்ததும் தடுமாறும். முதல் நாள்லயே பேர் சொல்லிப் படிங்க.

ஆடிஷனுக்குப் பொதுவா ஸ்டாமிட்ஸ் இல்லைன்னா ஹாஃப்மைஸ்டர், ரெண்டுமே டி மேஜர் கான்செர்ட்டோ. கூடவே பார்ட்டோக், வால்டன், ஹிண்டமித் எழுதின கான்செர்ட்டோக்கள்ல ஒண்ணு. ஆனா வேலை கிடைக்கிறதும் போறதும் ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகள்லதான். பீத்தோவன் அஞ்சாம் சிம்பொனி ரெண்டாவது பகுதியை செல்லோவும் வயோலாவும் சேர்ந்துதான் ஆரம்பிக்கும். கேக்க எளிமையா இருக்கும், ஆனா புள்ளி வெச்ச தாளம் (மூணுக்கு ஒண்ணுன்னு நீளமும் குட்டையுமா வர்றது) சோர்ந்து திஸ்ரமா மாறிடும். ஒவ்வொரு அடிக்குள்ளயும் காலால நாலு உள் அடி எண்ணிக்கிட்டே வாசிச்சாத்தான் பிடிபடும். மெண்டல்சனோட ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ இசையில வர்ற ஷெர்ட்ஸோங்கிற வேகமான பகுதியில வில்லு உயரமாத் துள்ளினா வேகம் ஓடிடும். முதல்ல தந்தியை விட்டு எழும்பாம, வில்லோட நடுப்பகுதியில ரொம்பச் சின்ன வீச்சா மெதுவா வாசிங்க. வேகம் ஏற ஏற அதுவே எழும்பும், நீங்க தூக்க வேண்டாம்.

சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு. சின்னப் பசங்களோட 12, 13 இன்ச் வயோலாவுல சி தந்தி தொளதொளன்னு ஆடும். பிள்ளை சரியா வாசிக்கலைன்னு திட்டாதீங்க, தந்திதான் அந்த நீளத்துக்கு ஏத்தது இல்லை. அந்த சைஸுக்குன்னே செஞ்ச தந்தி வாங்கி மாட்டிட்டு, அப்புறம் வில்லைத் திருத்துங்க.