பழைய சர்ச்சோடு புதுக் கட்டடம் சேரும் இடம்

[காட்சி: ஞாயிறு காலை. சர்ச் வாசலில் கேனோப்பி, கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள்.]

வணக்கம். பினாங்கில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். உள்ளே இடமில்லாமல் கொஞ்சம் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். மழை பிடித்தால் பிரசங்கம் காதில் விழாது. அப்புறம் யாராவது கேட்பார்: "ஒரு ஹால் சேர்த்துக் கட்டிடலாமே, ஃபாதர்?"

கட்டலாம். ஆனால் எப்படி?

[காட்சி: லெபோ ஃபார்குவார், விண்ணேற்பு மாதா கோயில்.]

இந்தக் கோயில் 1861இல் கட்டி முடிந்தது. கூட்டம் பெருகியதால் 1928இல் இரு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டினார்கள். அது பின்னால் வந்தது என்று எனக்கே ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

இன்று அப்படி ஒட்டுத் தெரியாமல் கட்டச் சொல்வதில்லை. 1964இல் எழுதிய வெனிஸ் சாசனம், அதாவது பழைய நினைவுக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டி, தவிர்க்க முடியாமல் சேர்ப்பது பழசிலிருந்து பிரித்தறியும்படி தன் காலத்து முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. கான்கிரீட்டில் போலி வளைவு வைத்துப் பழசாக வேஷம் போடுவதை நானும் விரும்புவதில்லை. அதற்காகப் பழைய கோபுரத்தை மறைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டி ஒன்றை நிறுத்துவதா? அதுவும் வேண்டாம். புதுசு கொஞ்சம் தாழ்ந்து, பின்தள்ளி நிற்கட்டும்.

[காட்சி: வரைபடம். இரண்டு கட்டடம், நடுவில் இடைவெளி.]

சரி, உண்மையான வேலை இந்த இடைவெளியில்தான். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கட்டடம், இறங்க வேண்டிய அளவு மண்ணில் இறங்கி முடித்திருக்கும். புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால், புதுசு பழசையும் சேர்த்து இழுக்கும்; ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதனால் புதுசுக்குத் தனி அஸ்திவாரம், தனித் தூண். நடுவில் லேசான கண்ணாடி நடைபாதை போதும். அதன் பாரமும் புதுசின் மேலேயே இருக்கட்டும். பைலிங்கை, அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்களை, சுத்தியலால் அடித்து இறக்கினால் பழைய சுவர் அதிரும். துளையிட்டு இறக்குவதே நல்லது.

[காட்சி: நெருக்கத்தில் சுவர். கட்டைவிரல் தேய்க்கிறது, வெள்ளைத் தூள் உதிர்கிறது.]

இதைப் பாருங்கள். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து ஏறும் ஈரம் இதன் வழியாகத்தான் காற்றில் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில், புது ஹாலோடு சேர்ந்து பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய சுவருக்கும் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் போக வழியில்லை. ரெண்டு மழைக்காலத்துக்குள் பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. பழைய சுவருக்குச் சுண்ணாம்பே போடுங்கள்.

[காட்சி: அதே தெரு, புனித ஜார்ஜ் ஆலயம்.]

1818இல் கட்டிய இந்த ஆலயத்துக்கு முதலில் தட்டையான கூரைதான். இந்த ஊர் மழைக்கு அது சரிப்படவில்லை. 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள்.

நம் கண்ணாடி நடைபாதைக்கும் இதே கதைதான். பழைய ஓட்டுக்கூரையின் ஒரு பக்கத்து மழை முழுக்க அதன் மேல்தான் கொட்டும். அக்டோபர் மழையை மனதில் வைத்து வாய்க்காலை அகலமாகப் போடுங்கள். இலை அடைத்தால் யார், எங்கே ஏணி வைத்து ஏறுவது என்பதையும் பிளானிலேயே வரைந்து காட்டச் சொல்லுங்கள்.