பாதி உயரத்தில் நில்லுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மலைச்சாலையில் வண்டியோட்டிச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் உச்சியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். எத்தனை மணிக்கு மேலே போய்ச் சேரலாம் என்பதே வண்டிக்குள் பேச்சாக இருக்கிறது. நான் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது. மலைச்சாலையின் மிகச் சிறந்த காட்சி உச்சியில் கிடைப்பது அரிது; அது ஏறும் வழியில், ஏறக்குறையப் பாதி உயரத்தில் கிடைக்கிறது. உச்சியிலிருந்து பார்க்கும்போது கீழே உள்ளவை தட்டையாகிவிடுகின்றன, மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. பாதி உயரத்தில் நிற்பவருக்கோ, இனி ஏறவேண்டிய பாறைச் சுவரும், ஏறிவந்த சாலையும், எதிர் மலையின் அடியும் முடியும் ஒருசேரத் தெரிகின்றன.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் போட்ட சாலை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவின் குறுக்கே சுமார் 80 கிலோமீட்டர் செல்லும் ‘கோயிங்-டு-த-சன்’ சாலை அது. அந்தச் சாலை பிறந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. முதலில் போட்ட திட்டத்தின்படி, ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் 15 கொண்டை ஊசி வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லோகன் கணவாய்க்கு ஏறுவதாக இருந்தது. 1920களில் பூங்காத் துறையின் நிலவடிவமைப்பாளரான தாமஸ் விண்ட் அதை ஏற்கவில்லை. அத்தனை வளைவுகளை வெட்டினால் மலைச்சரிவு முழுவதும் கீறல் விழுந்ததுபோல் ஆகிவிடும், ஓட்டுபவரும் திரும்பத் திரும்ப அதே பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதே சிக்கல். அதற்கு மாற்றாக, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு போதும், அதன்பின் ‘கார்டன் வால்’ எனப்படும் செங்குத்துப் பாறைச் சுவரின் விலாவிலேயே சீரான ஏற்றமாகச் சாலையைக் கொண்டுபோகலாம் என்ற வழி முன்வைக்கப்பட்டது. பாறையைக் குடைந்து செய்யவேண்டிய, செலவும் கடினமும் மிகுந்த வேலை அது. ஆயினும் பூங்காத் துறையின் தலைவர் ஸ்டீஃபன் மாதர் அந்த வழியையே தேர்ந்தெடுத்தார். 1933ஆம் ஆண்டில் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது.

15 வளைவுகளுக்குப் பதில் ஒன்று என்றானபோது, சாலை மலையின் முகத்தில் நெடுந்தூரம் திறந்தவெளியில் செல்ல நேர்ந்தது. ஆகவே, கணவாயை அடையுமுன்பே நிற்பதற்கான இடங்கள் வரிசையாக வாய்த்தன. அந்த ஒற்றை வளைவிலேயே வண்டிகள் நிற்க இடம் உண்டு. சுரங்கவழி ஒன்றில், வெளிப்புறப் பாறையில் வளைவான இரு சாளரங்களைக் குடைந்து, எதிரே உள்ள சிகரம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். கோடையில், 2,026 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயின் வண்டி நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. கீழே சாலையோர இடங்களில் நின்று பார்த்தவர்களுக்கு அதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

வேறொரு வகை நிறுத்தமும் உண்டு. அதே நாட்டில், அப்பலாச்சிய மலைத்தொடரின் முதுகில் 755 கிலோமீட்டர் நீளும் ‘புளூ ரிட்ஜ் பார்க்வே’ சாலைக்கான வேலை 1935இல் தொடங்கியது, 1987இல்தான் நிறைவடைந்தது. கடைசியாக எஞ்சிய துண்டு கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. சரிவை வெட்டாமல் அதற்கு வெளியே தூண்களின்மீது வளைந்து செல்லும் பாலத்தை 153 கான்கிரீட் துண்டுகளால் கோத்தார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, பாலத்தின் அடியில் செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடந்துபாருங்கள். தலைக்குமேல் சாலை வளைந்து போகிறது. கீழே பாறைகளும் செடிகளும் கலையாமல் இருக்கின்றன. சாலையின் மேலிருந்து பார்ப்பது மட்டுமே காட்சி அல்ல, சாலையையே நின்று பார்ப்பதும் காட்சிதான்.

ஆஸ்திரியாவில் 1935இல் திறக்கப்பட்ட குரோஸ்குளோக்னர் மலைச்சாலையில் நிற்பது நெஞ்சைக் கனக்கச் செய்யும். அங்குள்ள பெயர்பெற்ற காட்சிமுனை பாஸ்டெர்ட்சே பனியாற்றைப் பார்ப்பதற்கானது. 1963இல் பயணிகளைப் பனியாற்றின் விளிம்புக்கே இறக்கிவிட இழுவை ரயில் ஒன்று அமைத்தார்கள். இன்று பனி அங்கிருந்து வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மீண்டும் சொல்கிறேன், பாதி உயரத்தில் நில்லுங்கள். ஒருமுறை மட்டுமல்ல, ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் ஏறியபின் ஒவ்வொரு முறையும் நில்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதற்கேற்ப மரங்கள் மாறுகின்றன, பாசி மாறுகிறது, மண்ணின் வாசனையும் மாறுகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இவை ஒன்றும் தெரிவதில்லை. இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதுவரை கேட்காதிருந்த ஓடையின் ஓசை அப்போதுதான் காதில் விழும். கூடுமானவரை காலையில் ஏறுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் உச்சிகளை மேகம் மூடிவிடுவது வழக்கம்.

இறங்கும் பயணத்தைப் பற்றித் தனியாகவே பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். ஆகவே சுருக்கமாக இரண்டே செய்திகள். வளைவின் மேலோ, எதிரே வருபவர் கண்ணுக்குப் புலப்படாத இடத்திலோ, எவ்வளவு அழகான காட்சியானாலும் நிறுத்தாதீர்கள். இறங்கும்போது பிரேக்கையே நம்பியிராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, சக்கரங்கள் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். வணக்கம்.