ஏழு தட்டு, பன்னிரண்டு அடி

அவையோருக்கு வணக்கம். 'நாட்டார் கலைகளும் பெண்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நம்மூரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் தப்பித்து ஏதென்ஸ் பக்கம் போய்விடுகிறேன்.

போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. எல்லாரும் கை தட்டுங்கள்: தகிட, தக, திமி. மூன்று, இரண்டு, இரண்டு. முன்வரிசையில் மிருதங்க வித்வான் சிரிக்கிறார். அவருக்கு இது மிஸ்ர சாப்பு என்ற ஏழெண்ணிக்கைத் தாளம். கிரேக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் போனால் இதே ஏழு தட்டில் ஊரே கை கோத்து வட்டமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு, பட்டுக் கைக்குட்டைக்குப் பேர்போன கலமாதா என்ற ஊரின் பெயரால், கலமதியானோஸ் என்று பெயர். 'தகிட'வுக்கு ஓர் அடி, 'தக'வுக்கு ஒன்று, 'திமி'க்கு ஒன்று. இப்படி நான்கு ஆவர்த்தம், அதாவது நான்கு சுற்று போனால் பன்னிரண்டு அடி முடிந்து, மறுபடி முதலடி. இதை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக்கும் சம்பந்தம் பேசிவிடாதீர்கள். கணக்கு ஒன்றாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் ஒரு காலத்தில் ஏதென்ஸின் வசதியான வீடுகளில் மதிப்பில்லாமல் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்டது வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடனம். சிர்தோஸ் என்ற இன்னொரு வட்ட ஆட்டமும் கலமதியானோஸும் பட்டிக்காட்டுச் சமாச்சாரம். அந்த நிலையை மாற்ற முனைந்தவர்களில் முன்னால் நின்றவர் ஒரு பத்திரிகைக்காரி, கலிரோயி பாரென். கிரீட் தீவில் பிறந்தவர். 1887-இல் 'பெண்மணிகளின் செய்தித்தாள்' என்ற பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள். கல்வி, வேலை, சம்பளம் என்று முப்பது ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள். 1917-இல் அவரை அரசியல் காரணத்துக்காக ஹைட்ரா தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்; பத்திரிகையும் அதோடு நின்றது.

அதே பாரென்தான், நாட்டார் ஆட்டங்களையும் உடுப்புகளையும் காப்பாற்ற, 1911-இல் 'கிரேக்கப் பெண்களின் லைசியம்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். கிரேக்க மொழியில் 'லீகியோன் தோன் எலினீதோன்'. லைசியம் என்பது அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய இடத்தின் பெயர். பெண்களின் சங்கத்துக்கு அந்தப் பெயரை வைத்ததில் இருக்கும் குறும்பு எனக்குப் பிடிக்கிறது. பெண்ணுக்கு உரிமை கேட்டு எழுதியவர் ஏன் நடனத்துக்கும் பாவாடைக்கும் வந்தார்? பின்வாங்கிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குரிமை கேட்டுத் தெருவுக்கு வரும் பெண்ணைக் கேலி செய்யும் ஊர், பாட்டியின் உடுப்பை உடுத்திக்கொண்டு பாட்டியின் ஆட்டத்தை ஆட வரும் பெண்ணை எப்படித் தடுக்கும்? 1896 ஒலிம்பிக் நடந்த அந்தப் பளிங்கு ஸ்டேடியத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, நல்ல குடும்பத்துப் பெண்கள் வரிசையாக இறங்கி ஆடினார்கள். அவர்கள் பொதுவெளிக்கு வர நடனம் ஒரு வாசல் திறந்தது. கிரேக்கப் பெண்களுக்கு முழு வாக்குரிமை வந்தது 1952-இல். பாரென் 1940-லேயே காலமாகிவிட்டார்.

இப்போது கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வட்டத்தை நடத்திப்போகிறவர் வலது ஓரத்தில் இருக்கிறார். அவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை. ஆளுக்கு ஒரு முனை. தலைமை ஆட்டக்காரர் சுழல்வார், குனிவார், துள்ளுவார், கைதட்டலெல்லாம் அவருக்குத்தான். ஆனால் அவர் முழு எடையையும் சாய்த்துத் திரும்பும்போது தாங்குவது இரண்டாமவரின் மணிக்கட்டு. கைக்குட்டை விறைத்து நிற்கும். அந்தக் கை அசையாது. எனக்கு எப்போதும் கண் அந்த இரண்டாவது ஆளிடம்தான் போகும்.

அடுத்தது உடுப்பு. சங்கத்தில் இதற்கென்றே ஒரு துணிக்களஞ்சியம் உண்டு. 1988-இல் உடை வரலாற்று அருங்காட்சியகமும் ஏதென்ஸில் திறந்தார்கள். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதிக் கல்யாண உடுப்பில், உள்ளே போடும் நீண்ட அங்கியின் கீழ்விளிம்பு முழுக்கப் பூவேலை. மார்பில் வரிசை வரிசையாக நாணயங்கள். ஆடும்போது அவையும் தாளம் போடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அணிந்து ஆடினால் வியர்வை பட்டு நூல் நைந்துபோகும். கண்ணாடிக்குள் வைத்தால் நூல் பிழைக்கும், நாணயம் வாய் மூடிக்கொள்ளும்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஊர்த் திடலில் வட்டம் தனக்குத்தானே ஆடிக்கொள்ளும்; எல்லார் முகமும் உள்நோக்கி. மேடைக்கு வந்ததும் வட்டத்தை வெட்டி, பார்வையாளர் பக்கம் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. ஊரில் ஒரு மணி நேரம் ஓடுவது மேடையில் நாலு நிமிடம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்த பெண்கள். பின்னால் 1967 முதல் 1974 வரை நாட்டை ஆண்ட ராணுவ அதிகாரிகள் அதே ஸ்டேடியத்தில் நாட்டார் நடனங்களைத் தங்கள் விழாக்களுக்கு இழுத்துக்கொண்டார்கள். சர்வாதிகாரி ஈஸ்டருக்குக் கை கோத்து ஆடினால், பார்க்கிற இளைஞனுக்கு அந்த ஆட்டமே கசந்துபோகும். கசந்தது. அதில் ஆட்டத்தின் குற்றம் என்ன?

அதையும் மீறி, ஆட்டங்களைத் திரட்டிக் காப்பாற்றும் இந்த வேலை நடந்ததற்கு 1922-ஐ ஒரு காரணமாகச் சொல்வேன். இன்றைய துருக்கியில் இருக்கும் சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க அகதிகள் வந்து இறங்கினார்கள். வீடும் தோட்டமும் அங்கேயே நின்றுவிட்டன. காலில் இருந்த ஆட்டம் மட்டும் சுங்கச் சோதனை இல்லாமல் கூடவே வந்தது. ஊரே இல்லாமல் போனவர்களின் ஆட்டத்தை ஊர்த் திடலில் போய்ப் பார் என்று யாரிடம் சொல்வது? யாராவது உட்கார்ந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இன்று அந்தச் சங்கத்துக்கு 50-க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன.

ஏதென்ஸுக்கு மேற்கே மெகாரா என்ற ஊரில் புனித யோவானுக்கு ஒரு சிறு கோயில். அங்கே அவருக்குப் பெயரே நடனக்கார யோவான். ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று பெண்கள் அங்கே 'த்ராதா' ஆடுவார்கள். த்ராதா என்றால் மீன் வலை. பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடிப்பதில்லை; அவளைத் தாண்டி அடுத்தவளின் கையைப் பிடிக்கிறார்கள். கைகள் குறுக்கும் நெடுக்குமாக, கூடை பின்னியதுபோல் ஆகிவிடும். வேகம் கிடையாது, வலை இழுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும். நடுவில் ஒருத்தி விடுபட நினைத்தாலும் முடியாது.

பேச்சு போதும். இந்த இரண்டு வரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். த்ராதா நமக்கு வேண்டாம், கை சிக்கிக்கொள்ளும், கலமதியானோஸ் போதும். வித்வான் தட்டட்டும். வலது காலில் தொடங்கி, வலது பக்கமாக.