செங்கோட்டைக்கு ஒரு நாடக அரங்கம்: கட்டும் செலவும் நடத்தும் செலவும்

அவைத்தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, வியாபாரிகளே, புலியரையிலிருந்தும் மலைக்கு அப்பால் ஆரியங்காவிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊருக்குப் புதிதாக ஒரு நாடக அரங்கம் வேண்டுமா, அதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்பதுதான் இப்போது தேநீர்க் கடை முதல் கோயில் வாசல் வரை நடக்கும் பேச்சு. அரங்கம் வந்தால் கடைத்தெரு பழையபடி களைகட்டும் என்கிறார்கள் ஒரு சாரார். குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் சரிசெய்ய வழியில்லாத ஊருக்கு நாடகம் ஒரு கேடா என்கிறார்கள் மறு சாரார். இந்த இரண்டாவது கேள்வியை ரசனையற்றவர்களின் ஏளனம் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. வீட்டுத் தீர்வை கட்டுகிறவர் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது.

ஊர் ஏன் சோர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணையும்வரை நாம் திருவிதாங்கூர் சீமையின் கிழக்கு வாசலாக இருந்தோம். சங்கு முத்திரையோடு நிற்கும் நுழைவு வளைவு அதற்குச் சாட்சி. 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போனது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நின்ற அந்த மலைப்பாதை ரயில் 2018இல்தான் திரும்ப ஓடியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கைமாறிய வியாபாரம் ரயிலோடு சேர்ந்து திரும்பி வந்துவிடவில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் எல்லையிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சாவடிக்காகக் காத்துக் கிடந்த லாரிகள் இப்போது நிற்பதில்லை. லாரி நிற்காத இடத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை? 2019இல் தென்காசி மாவட்டத் தலைநகரமாயிற்று. அலுவலக வேலையாக வருகிறவர்களும் அங்கேயே இறங்கிக்கொள்கிறார்கள். ஆக, நம் ஊரைக் கடந்து போகிறவர்களுக்குக் குறைவில்லை, இங்கே ஒரு மாலைப் பொழுதாவது தங்குகிறவர்களுக்குத்தான் பஞ்சம். ஒரு நாடக அரங்கம் தீர்க்கக்கூடிய குறை இருக்குமானால் அது இந்த ஒன்றுதான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அரங்கத்தை ஆதரிப்பவர்கள் நாடக நடிகரும் பாடகருமான கிட்டப்பாவின் பெயரைச் சொல்கிறார்கள். 1906இல் இந்த ஊரில் பிறந்து, கன்னையா கம்பெனி மேடைகளில் புகழின் உச்சிக்குப் போய், 1933இல் 27 வயதில் மறைந்துவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஓர் அரங்கம் எழுப்புவது நியாயம்தான். ஆனால் அவருக்குச் சோறு போட்டது நம் ஊர் மேடையன்று. ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகளே என்பதையும் மறக்கக் கூடாது. அன்று அந்தக் கம்பெனிகள் கல் கட்டடம் கேட்கவில்லை. கீற்றும் தகரமும் கொண்டு கொட்டகை போட்டார்கள், கூட்டம் குறைந்ததும் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். (பெயர்ப் பலகையில் யார் பெயரை எழுதுவது என்ற சண்டையை, அஸ்திவாரம் தோண்டும்வரையாவது தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.)

படித்த இளைஞர்கள் சிலர் ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரத்தை உதாரணம் காட்டுகிறார்கள். 1997இல் திறந்த ஓர் அருங்காட்சியகம் அந்தப் பழைய தொழில் நகரத்தை உலகப் புகழ் பெறச் செய்தது உண்மை. ஆனால் அங்கே அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்தது, ஆற்றைத் தூய்மை செய்யும் பணியும் நடந்துகொண்டிருந்தது. மற்ற உதாரணங்களை யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1999இல் திறந்த பாப் இசை மையம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதே நாட்டில் வெஸ்ட் பிராம்விச் என்ற ஊரில் பெருஞ்செலவில் எழுந்த கலைமையம் 2008இல் திறந்து 2013இல் மூடி, பின்னர் மாணவர்கள் படிக்கும் கல்லூரியாக மாறியது. அவ்விரண்டு ஊர்களிலும் கட்டடம் எழும்பத்தான் செய்தது. அதை வருடா வருடம் நடத்தும் வழிதான் அமையவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் சாகர வட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஹெக்கோடு என்ற கிராமத்தில் இருக்கிறது. அங்கே 'நீநாசம்' என்ற நாடக மன்றம் 1949இல் தொடங்கியது. அதற்கு முறையான அரங்கம் வாய்த்தது 1972இல். இடையிலிருந்த 23 ஆண்டுகள் அவர்கள் நாடகம் போட்டுப் பார்வையாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 1980இல் பயிற்சிப் பள்ளி, 1985இல் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு என்று அது வளர்ந்தது. அதை நிறுவிய கே.வி. சுப்பண்ணா முதலில் ஆட்களைச் சேர்த்தார், கூரை அதன் பிறகுதான் வந்தது.

நம் நாட்டு நிதி விதிகளோ இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆனால் அது நிலைத்த சொத்துக்களை உருவாக்குவதற்கு மட்டுமே. அதிலிருந்து சுவர் எழுப்பலாம், கூரை போடலாம். விளக்குப் போடுபவருக்குச் சம்பளம் தர முடியாது, வெளியூர்க் குழுவுக்கு முன்பணம் கொடுக்க முடியாது. எனவேதான் தமிழ்நாட்டில் 'கலையரங்கம்' என்று திறந்துவைத்த எத்தனையோ கட்டடங்கள், ஓரிரு ஆண்டில் கல்யாண மண்டபமாகவோ, தேர்தல் காலத்து வாக்குப்பெட்டி அறையாகவோ ஆகிவிடுகின்றன. குற்றம் கட்டியவர்களிடம் இல்லை. கட்டிய மறுநாளுக்கு யாருமே பணம் ஒதுக்காததில்தான் இருக்கிறது.

அப்படியானால் நம்மால் என்ன செய்ய முடியும்? பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. அதே ஆடிதான் குற்றாலத்தில் சாரல் விழும் காலம்; அருவியில் குளித்துவிட்டு அந்தி சாய்ந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பல்லாயிரம் பேர் நமக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் மலையாளிகள். மலைக்கு அப்பால் அதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். கொட்டும் மழையில் அங்கே திருவிழா மேடைகள் ஓய்ந்திருக்கும். மார்கழி, தை தொடங்கிச் சித்திரை முடிய கோயில் மைதானம் தோறும் வண்டியில் அலையும் கேரளத்து நாடகக் குழுக்கள் அப்போது வேலையின்றி இருக்கும், ஓணத்துக்குப் பிறகு போடப்போகும் புதிய நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க இடமும் தேவைப்படும். திறந்தவெளி மேடை உதவாத அந்த மழைக்காலத்தில்தான் கூரையுள்ள ஓர் அரங்கத்துக்கு மதிப்பு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகக் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களையும் அதே மாதத்தில் அழைத்தால், ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மலையாளம் என்று நடத்தலாம். வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் ஒரு மொழியும் பேசிப் பழகிய நமக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. சபரிமலைக்குப் போகும் கூட்டம் இந்த வழியாகவே போகிறது. விரதத்தில் இருப்பவர்களை நாடகம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுவது சரிவராது. அந்த மாதத்தை நம் பள்ளிப் பிள்ளைகளின் நாடகங்களுக்கு விட்டுவிடலாம். மற்ற மாதங்களில் அரங்கத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதை நான் எதிர்க்கவில்லை. கலைக்கு இழுக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். முகூர்த்த நாள் வாடகைதான் ஆடி மாத நாடகத்தின் மின்கட்டணத்தைக் கட்டப்போகிறது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் இருக்கை என்ற பேச்சை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் குரல் எட்டும்படி 400 இருக்கை போதும். வெளியூர் நடிகர்கள் படுத்து எழ இரண்டு அறைகளும் பெண்களுக்குத் தனி ஒப்பனை அறையும் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். ஒப்பனை அறையை மறந்துவிட்டு முகப்புக்குக் கண்ணாடி பதிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தென்காசிக்குக் கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு அரை மணி முன்பே திரை விழும்படி நாடக நேரத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடிநீரா நாடகமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது: குழாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இதற்குத் திருப்பக் கூடாது, அதை நகர்மன்றம் தீர்மானத்திலேயே எழுதித் தரட்டும். வருகிற கூட்டத்தில் கட்டட வரைபடத்தை மேசைமேல் விரிப்பதற்கு முன்பாக, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாளர் சம்பளம், மின்சாரம், குழுக்களுக்கு முன்பணம், கூரைப் பராமரிப்பு ஆகியவை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். அதுவரை வருகிற ஆடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு வாங்கி, நான்கு நாடகங்களை டிக்கெட் போட்டு நடத்திப் பார்ப்போம். அந்த டிக்கெட் கணக்கும் கையில் இருந்தால் அரங்கத்துக்கான மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இல்லையென்றால் ஆட்சேப மனுவிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.